கோழிக்குக் கட்டி, குட்டிக்கு வளர்ச்சி இல்லை: மைன் டம்ப் காரணமா?

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ராண்ட்ஃபோன்டீன் போகும் வழியில் எங்களுக்குச் சின்னப் பண்ணை ஒன்று இருக்கிறது. 40 கோழி, 9 ஆடு, ராணி என்று ஒரு பெட்டை நாய். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது சொந்தக்காரர்கள் நேர்ந்துகொண்ட சேவலும் கடாவும் இங்கிருந்துதான் போகும். இந்த வருஷம் 5 மாத இளங்கோழி மூன்று காலை இழுத்துக்கொண்டு செத்தன. அறுத்துப் பார்த்தால் ஈரலெல்லாம் கட்டி. மூன்று வயதுக் கோழி ஒன்று வயிற்றில் தண்ணீர் கோத்துப் போய்விட்டது. ராணிக்கு மடியில் கட்டி. அறுவை செய்து எடுத்தோம். ஆட்டுக்குட்டிகள் வளரவே மாட்டேன் என்கின்றன. எதிரே மைன் டம்ப், தங்கச் சுரங்கக் கழிவு மணல் மலை. அதிலிருந்து வரும் கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார் என் கணவர். என் தம்பி நேர் எதிர்க்கட்சி. கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது, எலிகள் அதில் கொழுத்து வளர்ந்து அதிக நாள் வாழ்ந்தன, விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள் என்கிறான். கழுத்தில் போட ஒரு கல் டாலரும், தண்ணீர்த் தொட்டியில் போட ஒரு கல் குச்சியும் வாங்கி வந்திருக்கிறான். யார் சொல்வது சரி? முட்டையும் கறியும் சாப்பிடலாமா? இன்னொன்று: கோழிகள் மண்ணில் புரளுமே, அதற்காக டம்ப் ஓரத்திலிருந்து பொடி மணல் இரண்டு பக்கி வண்டி லோடு கொண்டுவந்து கொட்டியிருக்கிறோம். நன்றாகப் புரள்கின்றன.

பதில்: அக்கா, உங்கள் கேள்விகளுக்கெல்லாம் முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் கடைசி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மணலை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பொறுக்கும்.

உங்கள் பக்கத்து வெஸ்ட் ராண்ட் சுரங்கப் பகுதியில் தங்கம் இருக்கும் பாறையிலேயே யுரேனியமும் இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் முதல் யுரேனிய ஆலை 1952இல் க்ரூகர்ஸ்டார்ப்பில்தான் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மலையாகக் குவித்தார்கள். யுரேனியத்தைப் பிரித்தெடுத்த இடத்திலும் அது சிதைந்து பிறக்கும் பிள்ளையான ரேடியம் பெரும்பாலும் மணலிலேயே தங்கிவிட்டது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். அது சிதையும்போது ரேடான் என்ற வாயு வரும். திறந்த வெளியில் அது காற்றோடு போய்விடும். மூடிய கோழிக்கொட்டகையில் தேங்கும். இதோடு நுரையீரலை அரிக்கும் சிலிக்காத் தூசு, ஆர்சனிக் போன்ற உலோகங்கள். கோழி அதில் புரண்டு சிறகை உதறும்போது அந்தப் புழுதியைச் சுவாசிப்பது கோழி மட்டுமில்லை. காலையில் முட்டை பொறுக்கக் குனிகிறவர், கொட்டகையைப் பெருக்குகிறவர், அதாவது நீங்கள். கோழி மூன்று வருஷம் இருக்கும். நீங்கள் இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருக்க வேண்டியவர்.

அப்புறம், வறட்டு விளக்குமாறு போட்டுப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, தடித்த பையில் அள்ளிக் கட்டி ஓரமாக வையுங்கள். எருக்குழியிலோ காய்கறிப் பாத்தியிலோ கொட்டக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வேலை அவர்களுடையது. கோழிக்குப் புரள மண்தானே வேண்டும்? தோட்டத்து மண்ணோடு விறகுச் சாம்பலைக் கலந்து வைத்தால் போதும். என் பாட்டி டோங்காட்டில் அதைத்தான் வைத்தார். பேனும் வராது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு முரணாகத் தோன்றலாம். உங்கள் கோழிகளைக் கொன்றது அந்த மணல் இல்லை.

5 மாதக் கோழி, காலை இழுத்தது, ஈரலில் கட்டி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் சொல்லும் பெயர் மாரெக் நோய். ஹங்கேரிய மருத்துவர் யோசப் மாரெக் 1907இல் முதன்முதலாக விவரித்தது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று விரித்துப் படுத்திருந்ததா, நினைவுபடுத்திப் பாருங்கள். அது ஒரு வைரஸ். இறகோடு உதிரும் பொடியில் பரவும், கொட்டகைத் தூசில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நரம்பைத் தாக்கும், உறுப்புகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கும். குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டிய தடுப்பூசி இருக்கிறது. பெரிய பொரிப்பகங்களில் போட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு யார் போடுகிறார்கள்? அடுத்த தடவை கோழி செத்தால் புதைக்காமல், ஐஸ் வைத்துப் பெட்டியில் போட்டு, உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தால் ஊகத்துக்கு இடமே இருக்காது. இந்த வைரஸ் மனிதரைப் பிடிக்காது. அதற்காக நோய்க்கோழியைக் குழம்பு வைக்கவும் வேண்டாம்.

புற்றுநோய் ஆராய்ச்சியே ஒரு வகையில் கோழிக் கட்டியில்தான் தொடங்கியது. 1911இல் நியூயார்க்கில் பேட்டன் ரௌஸ் என்பவர், ஒரு பிளிமவுத் ராக் கோழியின் கட்டியை அரைத்து, செல் எதுவும் இல்லாமல் வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்கு ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. ஒரு வைரஸ் புற்றை உண்டாக்கும் என்பதை அன்றைக்கு யாரும் நம்பவில்லை. 55 வருஷம் கழித்து, 1966இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே கோழிக்குக் கட்டி வந்தால் எதிரே இருக்கும் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகைக்குள்ளே பார்க்க வேண்டும்.

அந்த மூன்று வயதுக் கோழிக்கு வந்தது அநேகமாகச் சூலகப் புற்று. முட்டைக்கென்றே வளர்த்தெடுத்த கோழிகளுக்கு இரண்டு மூன்று வயதுக்கு மேல் இது அடிக்கடி வரும். தினம் ஒரு முட்டை என்று சூலகம் ஓயாமல் வெடித்து ஆறுவதன் விலை. பெண்களுக்கு வரும் சூலகப் புற்றை ஆராய்கிறவர்கள் கோழியைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள்.

ராணி விஷயம் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வரும் கட்டிகளில் முதலிடம் மடிக்கட்டிக்குத்தான். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் ஆபத்து அரை சதவீதம், ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8, இரண்டு கழித்து என்றால் 26 என்று 1969இல் வந்த ஒரு கணக்கை மாணவர்களாக இருந்தபோது எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்த எண்கள் கச்சிதமானவை இல்லை என்று பிறகு வாதம் எழுந்தது. ஆனால் திசை சரி. மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் கெட்ட ரகம். எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

இனி ஆட்டுக்குட்டி. கதிர்வீச்சால் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஹிரோஷிமாவில் தாய் வயிற்றில் இருக்கும்போது கதிர்வீச்சு பட்ட குழந்தைகளில், அதிகம் பட்டவர்கள் உயரம் குறைந்து, தலை சிறுத்துப் பிறந்தார்கள். எலிகளிலும் அதே கதை. ஆனால் அது 100 மில்லிகிரேக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேலே போன அளவுகளில் நடந்தது. பொதுமக்களுக்கு இயற்கைக்கு மேல் கூடுதலாக அனுமதித்த வரம்பு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட். (காமா கதிருக்கு இரண்டு அலகும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்களே இதில் குழம்புவார்கள்.) டம்ப் பக்கம் மேய்கிற ஆட்டுக்கு 5 மாதச் சினையில் 100 சேர வழியே இல்லை.

ஆனால் டம்ப் வேறு வழியில் குட்டியை வாட்டும், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சுரங்க நீரில் சல்பேட் ஏராளம். போர்ஹோல் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் அது லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால், அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் சல்பைடாக மாறித் தீவனத்தில் உள்ள செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு இல்லாத குட்டி வளராது, மயிர் வெளிறும், பின்னங்கால் தள்ளாடும். தீவனம் எவ்வளவு போட்டாலும் இதே கதைதான். அதற்காகக் கடையில் செம்பு மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் ஈரல் போய்விடும். செம்மறி இருந்தால் இன்னும் மோசம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வயர்வார்ம் புழு. கோடை மழைக்குப் பிறகு நம் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குட்டிகளைக் காலி செய்வது அதுதான். கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது. இமை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிற அட்டை உண்டு, அதற்கு ஃபமாச்சா என்று பெயர். நம் நாட்டு மருத்துவர் ஃபாஃபா மாலன் பெயரிலிருந்து வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆட்டுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒன்பது ஆட்டையும் நாளைக்கே பாருங்கள்.

சரி, தம்பி கட்சிக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் படித்ததில் பாதி நிஜமாக நடந்தது.

1940களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஏகான் லொரன்ஸ் என்பவர் சுண்டெலிகளை ரேடியத்தின் காமாக் கதிரில் தினமும் 8 மணி நேரம் வைத்து வளர்த்தார். மிகக் குறைந்த அளவு கொடுத்த கூட்டத்துக்கு நாளுக்கு 0.11 ரான்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு). அந்த எலிகள், கதிர் படாத எலிகளைவிடச் சராசரியாகக் கொஞ்சம் அதிக நாள் வாழ்ந்தன. இதைத்தான் இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே எலிகளில் கட்டி குறையவில்லை என்பதை மட்டும் எடுத்துக்காட்டுவதில்லை.

முதலில் அந்த 0.11 எவ்வளவு என்று பார்ப்போம். நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிரே. பூமியிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் உலகச் சராசரி மனிதருக்கு வருஷம் முழுவதும் கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட். நமக்கு 5 மாதத்தில் கிடைப்பது அந்த எலிக்கு ஒரே நாளில் கிடைத்தது. ஆய்வுக்கூட மொழியில் இது ‘குறைந்த அளவு’தான். உங்கள் பண்ணை மொழியில் இல்லை.

இரண்டாவது, எலிகள் எங்கே வளர்ந்தன என்பது. அந்தக் காலத்து எலிக்கூண்டுகளில் தொற்றுநோய் சகஜம். கதிர் படாத கூட்டத்தில் இளவயதிலேயே தொற்றில் சில செத்தாலும் சராசரி இறங்கிவிடும். இறங்கிய சராசரியோடு ஒப்பிட்டால் மற்றது உயர்ந்த மாதிரிதான் தெரியும். பரிட்சையில் பக்கத்துப் பையன் பெயில் ஆனதால் நம் பிள்ளை கெட்டிக்காரன் ஆகிவிடமாட்டான்.

இதை யாராவது சுத்தமாகச் செய்துபார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். ஜப்பானின் வடக்கே அவோமோரி மாநிலத்தில் ரொக்காஷோ என்ற ஊர். அங்குள்ள சுற்றுச்சூழல் அறிவியல் நிலையத்தில் 4000 சுண்டெலிகள், பாதி ஆண், பாதி பெண். குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அண்டாத அறை. நான்கு கூட்டமாகப் பிரித்து 400 நாள் காமாக் கதிரில் வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. மற்றவற்றுக்கு நாளுக்கு 0.05, சுமார் 1, சுமார் 20 மில்லிகிரே. அதன்பிறகு ஒன்றையும் கொல்லாமல், ஒவ்வொன்றும் தானாகச் சாகும்வரை காத்திருந்தார்கள். 2003இல் முடிவு வந்தது. 20 வாங்கிய கூட்டம், ஆண் பெண் இரண்டும், சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆயுளை இழந்தது. 1 வாங்கிய கூட்டத்தில், அதாவது லொரன்ஸின் எலிகள் வாங்கிய அதே அளவில், பெண் எலிகள் 20 நாள் முன்னதாகச் செத்தன. 0.05 வாங்கியவற்றில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. புதுவிதமான நோய் ஒன்றும் வரவில்லை. அந்த இன எலிகளுக்கு வயதான காலத்தில் வரும் அதே நிணநீர்ப் புற்று, கொஞ்சம் முன்னாடி வந்தது.

0.05 என்பதும் 400 நாளில் 20 மில்லிகிரே. நமக்கு இயற்கையில் 8 வருஷம் ஆகும் அளவு. அங்கே தீமை தெரியவில்லை என்பதைத் தம்பி வேண்டுமானால் தன் பக்கம் எழுதிக்கொள்ளட்டும். நன்மையும் தெரியவில்லை என்பதைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது ‘கொழுத்து வளர்ந்தன’ என்ற பேச்சு. என் தொழிலில் இதுதான் மிகவும் ருசியான இடம். அதே ரொக்காஷோவில் நாளுக்கு 20 வாங்கிய பெண் எலிகள் உண்மையிலேயே எடை கூடின. தம்பி பார்த்தால் துள்ளிக் குதிப்பார். ஏன் கூடின என்று தேடியவர்கள் 2010இல் எழுதினார்கள்: கூடியது தசையும் எலும்பும் இல்லை, கொழுப்பு. ஈரலிலும் கொழுப்பு படிந்திருந்தது. சூலகத்தில் இருக்கும் கருமுட்டைகள்தான் கதிர்வீச்சுக்கு முதல் பலி. அவை தீர்ந்து, எலிகளுக்கு வயதுக்கு முன்னாலேயே மாதவிடாய் நின்ற மாதிரி ஆகி, அதனால் உடம்பு பெருத்திருக்கிறது. சூலகத்திலேயே கட்டிகளும் கூடின. கருத்தடை செய்த நாய் பெருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். ராணிக்குச் செய்தால் அவளும் பெருப்பாள். அதைப் பார்த்து அவள் நன்றாக வளர்கிறாள் என்று யாராவது சொல்வோமா? தராசு கிலோவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

எடை கூடுவதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் துறையே ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறது. கோழித் தீவனத்தில் துளி ஆன்டிபயாட்டிக் போட்டால் கோழி சீக்கிரம் எடை போடும். இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மிசௌரி பல்கலைக்கழகத்தின் டி.டி. லக்கி. துளி நஞ்சு ஊக்கம் தரும் என்ற அந்த எண்ணத்தை அவரே கதிர்வீச்சுக்கும் நீட்டி 1980இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். கதிர்வீச்சு நல்லது என்ற இன்றைய பேச்சுக்கு அதுவே தாய்வீடு. கோழித் தீவன ஆன்டிபயாட்டிக் என்ன ஆனது? மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, 2006இல் ஐரோப்பா வளர்ச்சிக்காக அதைப் போடுவதையே தடைசெய்தது.

தம்பி பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசையில் உங்களுக்குத்தான் சங்கடம். கதிர்வீச்சு மரபணு இழையை அறுக்கும். செல் அதைத் தைத்துக்கொள்ளவும் செய்யும். அதே அளவை ஒரேயடியாகக் கொடுப்பதைவிட மெதுவாகக் கொடுத்தால் சேதம் குறையும் என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் தம்பதியர் எலிகளை வைத்து 1958லேயே காட்டினார்கள். முதலில் துளி கதிர்வீச்சு வாங்கிய இரத்த அணு, பிறகு பெரிய அளவு பட்டபோது குறைவாகவே உடைந்தது என்று 1984இல் ஓர் ஆய்வு வந்தது. அதெல்லாம் நிஜம். இதை வைத்துப் பெரிய விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. சின்ன அளவுக்கும் அதற்கேற்ற ஆபத்து உண்டு என்ற கணக்கை 2005இல் பிரெஞ்சு அறிவியல், மருத்துவ அகாதமிகள் சந்தேகித்தன. 2006இல் அமெரிக்கக் குழு அதையே வைத்துக்கொள்ளலாம் என்றது.

ஏன் இத்தனை வருஷமாகத் தீராத சண்டை? எண்ணிக்கைதான் காரணம். 1000 மில்லிசீவர்ட்டின் புற்றுநோய் விளைவைக் கண்டுபிடிக்க 500 பேர் போதும் என்றால், 100க்கு 50,000 பேர் வேண்டும், 10க்கு 50 லட்சம் பேர் வேண்டும். அளவு பத்தில் ஒன்றாகும்போது ஆள் நூறு மடங்கு தேவை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்தொழிலாளர்கள் 3,09,932 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வந்தது. மெதுவாகச் சேரும் சிறு அளவுகளும் புற்றுநோய்ச் சாவைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்றே அது காட்டியது: 1000 மில்லிகிரேக்கு 52 சதவீதம் என்ற விகிதம். 10 மில்லிகிரேக்குக் கணக்குப் போட்டால் அரை சதவீதம். இன்னொரு பக்கம், கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரை. நம் மணவாளக்குறிச்சியைப் போலவே, கதிர்வீச்சு தரும் தோரியம் கலந்த கறுப்பு மணல். அங்கே சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் எழுதியவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மூன்று லட்சம் பேரை வைத்துக்கொண்டே இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய விளைவை, உங்கள் கணவர் 40 கோழியிலும், உங்கள் தம்பி ஒரு டாலரிலும் பார்த்துவிட்டார்கள்.

எனக்கென்று ஒரு கருத்து உண்டு. ஆபத்து இருக்கிறது, சிறியது, தவிர்க்க முடிந்தால் தவிர். டாக்டர் கேட்ட எக்ஸ்-ரேயை மறுக்க வேண்டாம். டம்ப் மணலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

டாலரைக் கழற்றச் சொல்லுங்கள். ‘நெகட்டிவ் அயன்’ என்று விற்கும் இந்த மாதிரிக் கற்களில் தோரியம் கலந்த கனிமப் பொடி இருப்பது பல நாடுகளில் அளந்து தெரிந்த விஷயம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள் இப்படிப்பட்ட 10 பொருள்களின் பட்டியலை வெளியிட்டு, கழற்றி மூடி வையுங்கள், இனி அணியாதீர்கள் என்றார்கள். இரவும் பகலும் தோலை ஒட்டிக் கிடந்தால் தோலைப் புண்ணாக்கும் என்பதுதான் அவர்கள் கவலை. தண்ணீர்த் தொட்டிக் குச்சி அதைவிட மோசம். தேய்ந்து பொடியானால் வயிற்றுக்குள் போகும். உடைக்காமல் தகர டப்பாவில் போட்டு மூடி, மணலைப் பற்றிக் கேட்கும் அதே அதிகாரிகளிடம் இதையும் கேளுங்கள்.

தெம்பாக இருக்கிறது என்று தம்பி சொல்வார். ஈபன் பையர்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரரும் அப்படித்தான் சொன்னார். 1920களில் ரேடிதார் என்ற பெயரில் ரேடியம் கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் விற்றார்கள். கைவலிக்கு என்று ஆரம்பித்தவர், நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்து, ஆயிரம் பாட்டிலுக்கு மேல் குடித்தார். ரேடியம் சுண்ணாம்புச் சத்து மாதிரியே எலும்பில் போய் உட்காரும். தாடை எலும்பு உதிர்ந்து 1932இல் இறந்தார். அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெம்பு என்பது அளவுகோல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முட்டை, கறி. யுரேனியத்தை விழுங்கினால் குடல் அதை நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் உறிஞ்சும். உறிஞ்சியது எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். தசையில் தங்குவது கொஞ்சம். உண்மையில் யுரேனியத் தண்ணீரின் முதல் கெடுதி கதிர்வீச்சு இல்லை, ஈயம் மாதிரி அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. ஆகவே கறி சாப்பிடலாம். தண்ணீர் பரிசோதனை முடிவு வரும்வரை சிறுநீரகம், ஈரல், எலும்பு சூப் வேண்டாம். முட்டையைக் கழுவிவிட்டு உடையுங்கள், ஓட்டைப் பொடித்துத் திரும்பக் கோழிக்கே போடும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், ரேடியம் போகும் இடம் அந்த ஓடு. ஆகஸ்ட் காற்றில் டம்ப் புகையும் நாள்களில் கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஆட்டை ஓடையில் இறங்கிக் குடிக்க விடாதீர்கள். சுரங்கப் பக்கத்து ஓடைகளில் உலோகமெல்லாம் அடிச்சேற்றில்தான் படிந்திருக்கும். காலால் கலக்கிவிட்டுக் குடித்தால் சேற்றையும் சேர்த்தே குடிக்கிறது. குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கொடுங்கள். ஆடிக்கு நேர்ந்த கடாவுக்கும் சேவலுக்கும் இதனால் தடை ஒன்றுமில்லை. ஆனால் மாரெக் வந்த கொட்டகையிலிருந்து உயிர்ச்சேவலை இன்னொருவர் வீட்டுக் கோழியோடு கட்டிவைக்கக் கூடாது என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

போர்ஹோல் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும்போது வெறும் ‘குடிக்கலாமா’ பரிசோதனை என்று கேட்காதீர்கள். அதில் இவற்றையெல்லாம் பார்க்காமலே அனுப்பிவிடக்கூடும். யுரேனியம், சல்பேட், ஆர்சனிக், மாங்கனீசு என்று எழுதிக் கொடுங்கள். யுரேனியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். முடிவு வந்ததும் அந்த நான்கு எண்ணையும், ஒன்பது ஆட்டின் இமை நிறத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். குட்டிகளுக்கு என்ன கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.